கரித்தொட்டியில் தெளிந்த தண்ணீர்

செங்கல்பட்டு காவல் நிலையம், 14-6-1956, காலை 10 மணி.

என் பெயர் நூர்முகமது, வயது 33, தகப்பனார் ரஹ்மத்துல்லா. திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள தோல் ஷாப்பில் கெமிஸ்டாக இருக்கிறேன். பி.எஸ்சி. படித்தவன்.

தோலில் முடி உதிர்க்கப் பாஷாணமும், பதனிட ஆவாரம்பட்டையும் போடுகிறோம். அந்தக் கழிவுநீரைக் கரித்தொட்டி வழியாக வடித்துக் கால்வாயில் விட, சித்திரையில் நான்தான் ஏற்பாடு செய்தேன். கரி எத்தனை நாள் தாங்கும் என்று அறிய, பட்டைத் தண்ணீரைத் தனியாகவும் பாஷாணத் தண்ணீரைத் தனியாகவும் சோதித்து, கிராஃப் தாளில் இரண்டு கோடு வரைந்தேன். ஒன்றுக்கு இருபது நாள், மற்றதற்கு இருபத்து நான்கு நாள் வந்தது. அதன் பிறகு, இருபது நாளுக்கு ஒருமுறை கரியை மாற்றும்படி தொட்டி வேலை பார்க்கும் எல்லப்பனிடம் சொன்னேன். தினமும் ஒரு தம்ளர் பிடித்துப் பார், தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர் என்றும் சொன்னேன். அவரும் தினமும் வந்து, "எளனி கணக்கா கீது பாய்" என்பார்.

திங்கட்கிழமை, வேண்டா என்ற அம்மாளின் இரண்டு கறவை மாடுகள் கால்வாயில் தண்ணீர் குடித்துச் செத்தன. எல்லப்பன் கரியை மாற்றாமல் விற்றுவிட்டதாக அந்த அம்மாள் எழுதிக் கொடுத்ததன் பேரில், நேற்று எல்லப்பனைப் பிடித்து வந்தார்கள். அதன் பிறகு நான் இரண்டு தண்ணீரையும் கலந்து, அதே கரியில் சோதித்தேன். நிறம் போய்விட்டது, பாஷாணம் போகவில்லை. ஒரே பஸ்ஸில் ஏற வேண்டிய இரண்டு கூட்டத்துக்கு ஆளுக்கொரு பஸ் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பட்டைச் சாயம் கரியில் முந்தி இடம் பிடித்துக்கொள்ள, இந்தச் சோதனைக் கணக்குப்படி பாஷாணம் ஆறாம் நாளே வெளியே வந்திருக்கிறது. எல்லப்பன் நாள் தவறாமல் கரி மாற்றியவர். பழைய கரி கொட்டகைக்குப் பின்னால் இரண்டு குவியலாகக் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். தப்பு என் கணக்கில். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அவர் லாக்கப்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஏட்டு ஐயா, "நடிக்கிறான்" என்றார். கம்பி வழியாக, "தெனம் புடிச்ச தம்ளர் தண்ணிய இன்னா பண்ணே?" என்று கேட்டேன்.

"குடிச்சிட்டேன் பாய். நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

சோதனை சரி என்ற அர்த்தத்தில் நான் சொன்னதை, குடிக்கிற தண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் நடிக்கவில்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. எல்லப்பனை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

11.20 மணிக்கு வண்டி புறப்பட்டது.

(ஒப்பம்) நூர்முகமது