மூன்று தட்டு

இரவு மணி இரண்டு. திருச்சியிலிருந்து ஜீயபுரம் போகும் ரோடு. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழைத்தோட்டம். அறுபத்து மூன்றாம் வருஷம் அந்த நேரத்தில் அங்கே ஒரு லாரிகூட வராது. ஒரே ஒரு சைக்கிள்... விளக்கு இல்லை. ஓட்டுகிறவருக்கு அது உறைக்கவும் இல்லை. சட்டை முழுக்க டீசல் வாடை. உள்ளங்கையில் காய்ந்த ரத்தம். அது அவருடைய ரத்தம் அல்ல.

அவர் பெயர் ஸ்தனிஸ்லாஸ். என் சிநேகிதன் பிலோமின்ராஜுக்குப் பெரியப்பா. நெருங்கி உட்காருங்கள், அவர் ஏன் போனார் என்று சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனி. முதலாளி தர்மராஜ், முசிறிக்காரர். ரயில்வே காலி வேகன்களை இரவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். விடிவதற்குள் கல்லை ஏற்றி, வேகன்களைக் கோர்த்து, வரிசையாக நிறுத்த வேண்டும். மாடு கட்டி இழுத்து மாளவில்லை. பழைய டீசல் இஞ்சின் ஒன்று வாங்கிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க நல்லாருக்குன்னா வாங்கிடுறேன்" என்றார். ஸ்தனிஸ்லாஸ்தான் அங்கே மேஸ்திரி. வந்தால் ஓட்டப் போகிறவரும் அவர்தான்.

ஒரு சர்க்கரை ஆலையில் இஞ்சின் விலைக்கு இருப்பதாகச் சகாயநாதன் சொல்லி அனுப்பினார். அந்த இஞ்சினை ஓட்டியவரே அவர்தான். இருவரும் இளவயதில் ஒரே ரயில்வே ஷெட்டில் கரி அள்ளியவர்கள். ஸ்தனிஸ்லாஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் சகாயநாதன். ஸ்தனிஸ்லாஸ் போய்ப் பார்த்தார். எண்ணெய் பார்த்தார், பிரேக் பார்த்தார், நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். சொல்ல ஒரு குறை இல்லை. கடைசியாக, ரயில் வேலைக்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ரத்தம் பட்ட வண்டியாடா?"

"மாதா மேல ஆணை. இல்லடா."

அதற்கு மேல் என்ன வேண்டும்? இஞ்சின் வந்து சேர்ந்தது. சகாயநாதன் அந்த மாசமே வேலையை விட்டுவிட்டு ஜீயபுரத்தில் இருந்த சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இஞ்சினையும் வேகனையும் கோர்க்க ஓர் ஆள் இரண்டுக்கும் நடுவில் போய்க் கொக்கி மாட்ட வேண்டும். இருட்டில் டிரைவருக்கு அந்த ஆள் தெரியமாட்டான். அதற்காக ஒரு கம்பி வைத்திருப்பான். இஞ்சின் இரும்பில் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே போகிறேன் என்று அர்த்தம். மூன்று தட்டு தட்டினால் வெளியே வந்துவிட்டேன், எடுக்கலாம். அந்த மூன்று தட்டு கேட்காமல் இஞ்சினை அசைக்கக் கூடாது. ஒருவன் உயிரே அதில்தான் இருக்கிறது. இங்கே அந்த வேலை அடைக்கலத்துக்கு. ஸ்தனிஸ்லாஸ் மனைவியின் தம்பி. மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன்.

ஒன்பது நாள் ஒரு வம்பும் இல்லை. பத்தாம் நாள், நடுநிசி தாண்டி... டங், டங். அடைக்கலம் உள்ளே போனான். சுண்ணாம்புத் தூசி மூக்கில் நெடியடித்தது. ஸ்தனிஸ்லாஸ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டங்... டங்... டங்.

நிதானமாக, தெளிவாக. இஞ்சினை எடுத்தார். ஒரு சாண் நகர்ந்திருக்கும். அடைக்கலம் இருமுகிற சத்தம் கேட்டது... வெளியிலிருந்து அல்ல. நடுவிலிருந்து.

பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடினார். அடைக்கலம் இடது கையைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தான். இரண்டு விரல் நசுங்கித் தொங்கின.

"நான் இன்னும் தட்டவே இல்லியே மச்சான். ரெண்டு கையும் கொக்கியிலதான இருந்துச்சு. கம்பி என் கக்கத்துல இருக்கு பாருங்க."

இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சுற்றிலும் பார்த்தார். லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கே யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு நேராக ஜீயபுரம். அதைத்தான் முதலில் சொன்னேன்.

சகாயநாதன் வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டுமுன் அது திறந்தது. வாசலில் நின்றவர் இவர் கையைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"மூணு தட்டு கேட்டுச்சா?" என்றார். அப்புறம் மெதுவாக, "அடைக்கலம் இருக்கானா?"

ஸ்தனிஸ்லாஸுக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே போகப் போவது யார் என்று தெரிந்தேதான் இவன் மாதா மேல் ஆணையிட்டிருக்கிறான்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா?" சகாயநாதன் தரையைப் பார்த்தே பேசினார். "எங்கிட்ட ஆண்டின்னு ஒருத்தன் கொக்கி மாட்டுனான். ரெண்டு தட்டிட்டு உள்ள போனான். மூணு கேட்டுச்சு, எடுத்தேன். ஒரு சத்தம்கூடப் போடல அவன். அப்புறம் அந்த வேலைக்கு எங்கக்கா மகனைப் போட்டாங்க. வண்டிய வித்தாத்தான் அவன் பொழைப்பான். எம் பேச்சை நம்பி வாங்க உன்னைத் தவிர யாருடா இருக்கா?"

"செத்தவன்தான் தட்டுறானா?"

சகாயநாதன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஆண்டி உசுரோட இருக்கும்போதுதான அந்த மூணு தட்டு கேட்டுச்சு... அப்பத் தட்டுனது யாரு?"

ஸ்தனிஸ்லாஸ் அவர் முகத்தில் காறித் துப்பினார். சகாயநாதன் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த வாசலை ஸ்தனிஸ்லாஸ் அதற்கப்புறம் மிதிக்கவே இல்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சிரித்தார்.

"கல்லு சரிஞ்ச சத்தமா இருக்கும்ங்க. கை ஆறினதும் அடைக்கலம் வேலைக்கு வரட்டும். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வண்டிய வாங்க ஒரு ஆளைப் பாருங்க, வித்துடலாம். நீங்க சொல்லித்தான வாங்கினேன்?"

கை ஆற ஒரு மாசம். வேறு வேலைக்குப் போடா என்று சொல்லியும் அடைக்கலம் கேட்கவில்லை. "ரெண்டு விரல் போனவனை எவன் மச்சான் சேத்துக்குவான்?" என்றான். ஸ்தனிஸ்லாஸ் இருபது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்தோராம் நாள் ஒரு தபால் கார்டு எடுத்து, விருத்தாசலம் பக்கம், வேகன் இழுக்க இஞ்சின் தேடிக்கொண்டிருந்த ஒரு மில்லில் வேலை பார்த்த தைரியராஜுக்கு எழுதினார். ஷெட்டில் காய்ச்சலாகக் கிடந்தபோது இவருக்குக் கஞ்சி ஊற்றிய மனிதர். இஞ்சின் நன்றாக ஓடுகிறது, நானே ஓட்டிப் பார்த்தேன், நம்பி வாங்கலாம் என்று எழுதினார்.

நாலாம் நாள் பதில் வந்தது.

'அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ், நீ சொன்னால் நான் வந்து பார்க்கவே வேண்டாம். முதலாளியிடம் பேசி முடித்துவிட்டேன். உனக்குக் கோடிப் புண்ணியம். வேலை இல்லாமல் இருந்த என் மகனுக்கும் இதனால் ஒரு வழி பிறந்தது. கொக்கி மாட்ட அவனையே எடுத்துக்கொள்கிறார்கள்.'

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கார்டை இரண்டு தடவை படித்தார். பிறகு இஞ்சினை அனுப்ப ஆளைக் கூப்பிட்டார்.