கடைசிக்குத் தள்ளாத தலைமைச் செவிலியருக்கு

கத்தியும் கத்தரியும் கேட்குமுன் கொடுத்த கைகளுக்கு உரியவரே! கடிந்து பேசிக் கனிந்து பார்க்கும் எங்கள் பெரிய சிஸ்டரே! அறுவை அரங்கின் அச்சமும் ஆறுதலுமாய் முப்பது ஆண்டுகள் நின்றவரே! வணக்கம்.

புகழ்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று தெரிந்துதான் தொடங்குகிறோம். பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் பொறுத்தருள்க. எழுந்து ஓட முடியாதபடி நடு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

நீங்கள் பொறுப்பேற்றபோது, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு அறுவைக்கு எந்நாளும் கடைசி முறைதான். அவர்களுக்குப் பின் அரங்கைக் கழுவ நேரம் வேண்டும் என்பது சாக்கு. பொழுது சாய்ந்தால் அனுப்பிவிடுவார்கள். பித்தப்பைக் கல்லால் துடித்த தையற்காரப் பெண் ஒருவர் அப்படி மூன்று முறை திரும்பிப் போனவர். நான்காம் முறை அரங்கின் வாசலில் உங்கள் கையைப் பற்றிக்கொண்டு, "இன்னிக்கும் போகச் சொல்லிடாதீங்க சிஸ்டர், காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கல" என்று அழுதார்.

அன்று அவருக்கே அவசரம் அதிகம். ஆகவே அவரையே முதலில் உள்ளே அழைத்து வந்தீர்கள். பெரிய டாக்டர் சீறினார். நீங்கள் அசையவில்லை. "எல்லாருக்கும் ஒழுங்கா கழுவுறோம்னா இவங்க மட்டும் ஏன் கடைசி, டாக்டர்? கழுவலேன்னா, மத்தவங்களை எந்த தைரியத்துல படுக்க வைக்கிறோம்?" என்றீர்கள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் பிழைத்தார். இதோ முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பவர் அதே டாக்டர்தான்.

அதன்பின் அவசரம் பார்த்தே முறை வந்தது. நோயை அடையாளம் காட்டக் கோப்புகளில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள்களை உங்கள் கையாலேயே கிழித்தீர்கள். ஒருவரின் நோயை வராந்தாவில் வாய்விட்டுச் சொன்னவர்கள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சபையில் சொல்ல முடியாது. உங்களால் மானத்தோடு மருத்துவம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்தால் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களைப் பிரிவதோ தாங்கவில்லை.

உங்களிடம் குறையே இல்லையா? உண்டு. பிறர் நோவுக்குப் பதறும் நீங்கள், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உங்களுக்கு வந்த குடலிறக்கத்தை மட்டும் ஓய்வுக்குப் பின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டே வந்தீர்கள். அடுத்த வாரம் நம் அரங்குக்கே நோயாளியாக வருகிறீர்கள். படுத்தபடி எங்களை அதட்டக்கூடாது. மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

தனிச்சலுகை கிடையாது. உங்கள் முறை வரும்போது அழைப்போம். உங்களுக்கு முன் அந்த மேசையில் படுத்தவர் யார், அவருக்கு என்ன நோய் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டாலும் நாங்கள் சொல்லமாட்டோம். மேசை ஒழுங்காகக் கழுவியிருக்கும், சிஸ்டர். அச்சமின்றி வந்து படுங்கள். நலமாய் எழுந்து நெடுங்காலம் வாழுங்கள்!

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
அறுவை அரங்குப் பணியாளர்கள்