படுக்கையறைக்கு ஒரு தாழ்ப்பாள்

அட, அது கதவோட குத்தம் இல்ல தம்பி, மரம் நல்ல மரம், தட்டிப் பாருங்க. தாழ்ப்பாள் மட்டும் நல்லாப் பெருசா வேணும், அவ்வளவுதான். டிரில்லை இப்பவே ஓட்டிராதீங்க. திடீர்னு சத்தம் கேட்டா எனக்கு உடம்பு ஒத்துக்காது. உக்காந்து டீயைக் குடிங்க. எனக்கு வேணாம். மத்தியானத்துக்கு மேல டீ குடிச்சா தூக்கம் வராதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. குடிக்கலன்னாலும் வரல. அது வேற விஷயம்.

நானா? மெத்தைக் கம்பெனியில இருந்தேன். இருபத்தாறு வருஷம். ஸ்பாஞ்சை அளவா வெட்டி, உறை போட்டு, ஓரம் தைக்கற வேலை. இந்த ஊர்ல பாதிப் பேரு நான் தச்சதுலதான் குறட்டை விடறான். நான் வெறுந்தரையில படுக்கறேன். ஸ்பாஞ்சுல முதுகு பட்டாலே மூக்குல புகை நாத்தம் ஏறிடும்.

ஆமா, தீப்பிடிச்சுதே, அதே கம்பெனிதான். நாலு வருஷம் ஆச்சு. மேனேஜர் ஒருத்தன் இருந்தான். மணிக்கூண்டுன்னு பேரு வெச்சிருந்தோம், எப்பப் பாரு கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிப்பான். நாங்க பீடி குடிக்க வெளிய ஓடறோமாம். அதனால தையல் ரூமை வேலை நேரத்துல வெளிய தாழ் போட்டுட்டுப் போவான். பீடியைத் தொட்டதே இல்ல நான். எனக்கும் சேத்துத்தான் தாழ்ப்பாள்.

அன்னைக்கு உள்ள ஆறு பேரு. ஸ்பாஞ்சு எரிஞ்சா வெளிச்சமா இருக்காது தம்பி, கறுப்புப் புகைதான். ரெண்டு பேரு அப்பவே விழுந்துட்டாங்க. மத்த நாலு பேரும் தையல் மிஷினைத் தூக்கிக் கதவை இடிச்சோம். பக்கத்துப் பட்டறைக்காரங்க ஓடியாந்து திறந்தாங்க. அந்த நாலு பேருதான் உசுரோட வந்தோம்.

அவனா? ரோட்டுல நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தான். பதட்டத்துல தாழைத் திறக்க மறந்துட்டேன்னு கோர்ட்டுல சொல்லிட்டான். போன வாரம் காய்கறிக் கடையில பாத்தேன். தக்காளியை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து எடுக்கறான். நல்லாத் தூங்கற மூஞ்சி தம்பி அது. ஜெயிலுக்குப் போகாட்டி போறான், ஒரு ராத்திரியாவது முழிச்சுக் கெடக்க வேணாமா?

மாத்திரை எல்லாம் பாத்தாச்சு. அதைப் போட்டா கனவை விட்டு எந்திரிக்கவே முடியல. பஸ்ல மட்டும் தூங்குவேன். கதவு இல்லாத பஸ்ஸா பாத்து ஏறி, படிக்கட்டை ஒட்டி உக்காந்துக்குவேன். போயிட்டுத் திரும்பினா ஒன்றரை மணி நேரம். லாட்ஜைக் காலி பண்ணுங்க மாமான்னுதான் கண்டக்டர் எழுப்புவான். இப்ப எல்லா பஸ்ஸுக்கும் தானா மூடற கதவு மாட்டிட்டாங்க. அதுவும் போச்சு.

டாக்டரம்மா, அதான் மனசுக்குப் பாக்கறவங்க, சின்ன வயசுதான். ஒரு வழி சொன்னாங்க. வர்ற கனவை எழுதுங்க, முடிவை மட்டும் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்துங்க, தினமும் படுக்கறதுக்கு முன்னாடி படிங்கன்னு. நான் நாலாங்கிளாஸ். எழுத்துக்கூட்டி எழுதினேன். கதவு திறக்குது, விழுந்து கெடக்கறவங்களை நான் வெளிய இழுத்துட்டு வர்றேன். ரெண்டு மாசம் படிச்சேன். பலிச்சிடுச்சு.

முன்னாடியெல்லாம் கனவுல கதவு திறக்காது. கத்துவேன். வீட்டுக்காரி எழுப்பித் தண்ணி கொடுப்பா. இப்பத் திறந்துடுது. திறந்தா இழுக்கணுமே. பக்கத்துல யாரு படுத்திருக்கா?

ஆமா, அவளைத்தான். கையைப் புடிச்சு வாசல் வரைக்கும் தரதரன்னு இழுத்திருக்கேன். முழிச்சுப் பாத்தா தோள்பட்டை எறங்கித் தொங்குது. அவ அழல. வெளிய வந்துட்டோங்க, விடுங்க, வெளிய வந்துட்டோம்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

டாக்டரம்மா மேல தப்பில்ல. பாதிதான் அவங்ககிட்ட சொன்னேன். நெசத்துல நான் யாரையும் இழுக்கல தம்பி. தாண்டிக்கிட்டு வந்தேன்.

மக வந்து பாத்துட்டு, இன்னொரு தடவை நடந்தா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன், திருப்பி அனுப்ப மாட்டேன்னுட்டா. சொன்னா செய்வா, என் பிடிவாதம் அப்படியே இருக்கு. போன வாரம் வீட்டுக்காரி ஹால்ல போய்ப் படுத்தா. எந்திரிச்சுப் போயி அங்கேர்ந்தும் இழுக்கப் பாத்திருக்கேன். அவ கத்தினதுல முழிச்சுக்கிட்டேன். மககிட்ட இன்னும் சொல்லல. வீட்டுக்காரி போயிட்டா, முழிக்கறப்ப நான் எங்க இருக்கேன்னு சொல்ல ஆளில்ல தம்பி எனக்கு.

அம்மாவும் மகளும் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, கட்டுப் பிரிக்க. அஞ்சு மணிக்குள்ள வேலை முடிஞ்சிரணும். பாத்தா வீட்டுக்காரி விடமாட்டா.

இல்ல இல்ல, அங்க கோடு போடாதீங்க. அவ உள்ள படுக்கல. அவளுக்கு ஹாலுதான், அங்கதான் காத்து வரும். உள்ள படுக்கறது நான்.

வெளிப்பக்கம் போடுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவசரம்னா அவ திறப்பா. மறக்கற ஆளு இல்ல அவ. தாழ்ப்பாள் அந்தப் பையில இருக்கு, அந்த ரூம்ல இருந்த அதே தினுசு, தேடி வாங்கியாந்தேன். அன்னைக்கு நாலு பேரு சேந்து இடிச்சும் அது அசையல. இங்க நான் ஒத்த ஆளுதானே. தாங்கும்.