பெரட்டுக் களத்துப் பூங்கா

காலை ஆறே கால் மணி. தானா ராத்தா டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற ஒற்றை ரோடு. மூன்று விளக்குக் கம்பங்களில் ஒன்றுதான் எரியும். பனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. ஒரு பெண் துடைப்பமும் வாளியுமாக நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல் சத்தம்... டக்... டக்... அது அவள் புருஷன். பயப்படாதீர்கள். இப்போதைக்கு அது அவள் புருஷன்தான்.

இது நம் லோகேஸ்வரனின் சின்னம்மாவுக்கு நடந்தது. இன்றைக்கு அவன் வரவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவன் இருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவான். கிட்ட வந்து உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது.

சின்னம்மா பேர் திலகா. தோட்டத்து எல்லையில் இருந்த பூங்காவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. புல் வெட்ட, சருகு கூட்ட, ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட, கக்கூஸ் கழுவ... எல்லாம் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்காரர்களுக்குச் செனாம் சொல்லிக்கொடுப்பதும் அவளே. பாட்டுப் போட்டுவிட்டுக் கையையும் காலையும் ஆட்டுகிற உடற்பயிற்சி, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புருஷன் மகேஸ்வரன் காய்கறி லோரி ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் ஸ்ட்ரோக் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். டாக்டர் திலகாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடக்க வேண்டும், படுத்தால் படுத்ததுதான். நம் மலையில் சமதரைக்கு எங்கே போவது? வீட்டை விட்டு இறங்கினால் படி, படியை விட்டால் ஏற்றம். ஒரு பந்தைக் கீழே வைத்தால் கம்போங் ராஜாவில் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். அந்தப் பூங்கா ஒன்றுதான் தட்டையாகக் கிடந்தது. சுற்றிலும் கல் பதித்த நடைபாதை. ஒரு நாளைக்கு ஏழு சுற்று நடப்பார்.

அவருக்கோ நடக்கவே பிடிக்காது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நின்று, "போலாமா, திலகா?" என்பார். அவள் கூட்டிக்கொண்டே, "இன்னும் ஒரு சுத்து" என்பாள். ஏழு தடவையும் இதே பேச்சு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அப்படிக் கேட்கிறவரைக்கும் மனிதர் தேறிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பூங்கா போனால் அவரும் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இடம் ஏன் அப்படித் தட்டையாக இருந்தது தெரியுமா? அது பழைய பெரட்டுக் களம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். கணக்கு எழுதுகிற கிராணி பேர் வாசிக்க, ஒவ்வொருவரும் "வந்துட்டேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாப் பேரும் முடிந்து கிராணி "போலாம்" என்று சொன்னால்தான் வரிசை கலையும். அதற்கு முன்னால் ஒருவரும் ஒரு அடி நகரக் கூடாது.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு நாள், கிராணி பேர் வாசித்து முடித்தார். அடுத்த வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார்... மேலே இருந்த மண் மொத்தமும் இறங்கியது. பன்னிரண்டு பேர் மண்ணுக்கடியில் போனார்கள். பூங்கா மூலையில் சிமெண்டுப் பலகையில் அவர்கள் பேர்கள் இருந்தன. பாசி பிடித்துப் போகும் என்று சனிக்கிழமைதோறும் திலகா பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். தேய்க்கும்போதே மேலிருந்து கீழே வாய் தானாகப் பேர்களைச் சொல்லும். முதல் பேர் கந்தன்.

போன வருடம் பூங்கா ஆபீஸிலிருந்து கிரகரி என்று ஒருவர் வந்தார். ஈப்போக்காரர், ஊருக்குப் புதிது. நல்ல மனிதர், கொண்டுவந்த செய்திதான் கெட்டது. செனாமுக்கு இருபது பேர் வந்தால் பூங்கா இருக்கும். இல்லாவிட்டால் கேட்டைப் பூட்டி, ஸ்ட்ராபெரி பார்க்க வருகிறவர்கள் காடி நிறுத்துவதற்குத் தார் போட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வந்துகொண்டிருந்தது எட்டுப் பேர், மகேஸ்வரனையும் சேர்த்து. திலகா வீடு வீடாக ஏறி இறங்கினாள். இளசுகள் எல்லாம் சிங்கப்பூரில். மிச்சமிருந்தவர்கள் வருகிறோம் என்றார்கள். நம் ஆட்களைத்தான் தெரியுமே, வருகிறோம் என்று சொன்னதோடு சரி. சனிக்கிழமை பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எட்டும் பன்னிரண்டும் இருபது. துடைத்த கையோடு பேர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

தோட்டத்தில் இது ஒன்றும் புதிதில்லை. காய்ச்சல்காரனுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துக் காப்பாற்றுவது எந்தக் காலத்திலும் இருந்ததுதான். அதைப் பாவமென்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் அதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. பனி என்றால் அப்படிப்பட்ட பனி... நீட்டிய கை தெரியவில்லை. திலகா எட்டுப் பேரையும் கிட்டக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தங்கம்மாதான் முதலில் பேசினாள். கூட்டத்தில் மூத்தவள், கந்தனின் மகள்.

"செத்தவங்களுக்கா குரல் குடுக்கச் சொல்ற? அதுல முதல் பேரு எங்கப்பா லா."

திலகாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகேஸ்வரன் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நான் குடுக்கிறேன்," என்றார் குழறலாக. பேச நாக்கு வராத மனிதர், பன்னிரண்டு பேருக்கும் தானே குரல் கொடுப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நடைபாதையில் நடக்க ஆரம்பித்தார்.

கிரகரியின் காடி வந்து நின்றது. அவருக்குச் சளி. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, திலகா பேர் வாசிக்கட்டும், தான் உள்ளேயே இருந்து கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். எட்டுப் பேரும் ஒழுங்காகச் சொன்னார்கள். அப்புறம் திலகா தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"கந்தன்."

"வந்துட்டேன்." மகேஸ்வரன் குரல். பனிக்குள்ளிருந்து, குழறிக்கொண்டு.

"ரெங்கசாமி."

மகேஸ்வரன் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள்... ஊஞ்சல் பக்கமிருந்து பதில் வந்தது.

"வந்துட்டேன்."

திலகா சுற்றிப் பார்த்தாள். எட்டில் ஏழு பேர் அவளுக்குக் கிட்டவே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவள் அடுத்த பேரைச் சொன்னாள், நிறுத்தத் தெரியவில்லை. "வந்துட்டேன்." அதற்கடுத்தது. "வந்துட்டேன்." ஆண் குரல், பெண் குரல், ஒரு பொடிசின் குரல். கொழுந்து கிள்ளப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அது உரசுகிற சரசரப்பு. நனைந்த கோணிப்பை வாசம். அதற்கும் அடியில், அப்போதுதான் வெட்டிப் போட்ட மண்ணின் வாசம்... பதினொரு பேரும் குரல் கொடுத்தார்கள்.

கிரகரி கையெழுத்துப் போட்டார். கூட்டம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுக் காடியைத் திருப்பினார். தங்கம்மாவும் மற்றவர்களும் வீட்டுக்கு ஓடினார்கள். பூங்கா பிழைத்தது.

மறுநாள் கூட்டப் போனபோது நடைபாதைக் கல் மேல் சிவப்பு மண் கால்தடங்கள். வெறுங்கால். முன்வரிசையில் ஐந்து பேர், பின்வரிசையில் ஆறு பேர், நேராக நின்ற மாதிரி. முன்வரிசைத் தொடக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் காலி. திலகா வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். அடுத்த நாளும் அங்கேயே இருந்தன. அதற்கடுத்த நாளும்.

மகேஸ்வரனோ நன்றாக நடந்தார். அதுதான் கொடுமை. கால் இழுப்பது குறைந்தது. ஏழு சுற்று பத்தானது. திலகா சந்தோஷப்பட்டாள், ஏன் பொய் சொல்ல வேண்டும், கால்தடத்தைக்கூட மறந்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகுதான் கவனித்தாள். அவர் இப்போதெல்லாம் "போலாமா" என்று கேட்பதே இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தக் காலி இடத்தில் போய் நிற்கிறார். முதுகை நிமிர்த்தி, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடி. தொட்டால் குளிர்ந்த கை. வீட்டில் எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் அவர் மேல் அந்த மண் வாசம் போகவில்லை.

திலகா தங்கம்மா வீட்டுக்குப் போய் அழுதாள். தங்கம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தப் பன்னிரண்டில் கந்தன் ஒருவரைத்தான் தோண்டி எடுத்தார்கள். அவருக்குக் காரியம் எல்லாம் செய்தாயிற்று, அவர் வர மாட்டார். மற்ற பதினொரு பேரும் இன்னும் அந்த மண்ணுக்குள் பெரட்டில் நிற்கிறார்கள்.

"பேர் கூப்பிட்டவ நீ. நீதான் கலைக்கணும். ஒவ்வொரு பேராச் சொல்லி, போலாம்னு சொல்லு. எங்கப்பா பேர மட்டும் விட்டுரு. அந்த எடத்துல இப்ப நிக்கிறது யாருன்னு உனக்கே தெரியும்."

அடுத்த ஞாயிறு திலகா புருஷனை வீட்டிலேயே படுக்க வைத்தாள். இரண்டு கம்பளி போர்த்தி, பக்கத்தில் சூடாக மைலோ கலந்து வைத்தாள். கிளம்பும்போது அவர் கண்ணைத் திறந்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, "போலாமா, திலகா?" என்றார். அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நடக்க வேண்டாம், தூங்குங்கள், அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள்.

பூங்காவில் அவள் ஒருத்திதான். பனிக்குள்ளே சரசரப்பு... காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தாளை எடுத்துப் பார்க்க வெளிச்சமில்லை. எதற்குத் தாள்? எத்தனை சனிக்கிழமை தேய்த்த பலகை! மனப்பாடம்தானே. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கந்தன்... போலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். வாய்ப் பழக்கம், மேலிருந்து கீழே. அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை, ஓர் அசைவும் இல்லை. அவர்தான் இங்கே இல்லையே, வீட்டில் அல்லவா படுத்திருக்கிறார். மனதைத் தேற்றிக்கொண்டு மற்றவர்களைச் சொன்னாள். "ரெங்கசாமி... போலாம்." சரசரப்பு ஒன்று விலகி மேட்டுப் பக்கம் ஏறிப் போனது. ஒவ்வொன்றாகப் பதினொன்றும் போயின. கடைசியில் மண் வாசமும் போய்விட்டது. ஒரு குருவி கத்தியது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கம்பளி போர்த்தியபடியே இருந்தது. மைலோவில் இன்னும் ஆவி பறந்தது. மகேஸ்வரன் நிமிர்ந்து படுத்திருந்தார், கை இரண்டும் பக்கத்தில் நேராக. கம்பளியைக் கால் பக்கம் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சிவப்பு மண்... ஈரம் காயவில்லை.

சாவுக்குப் பிறகு செனாமுக்கு யாரும் வரவில்லை. யார் வருவார்கள்? இரண்டே மாதத்தில் கேட் பூட்டி, ஊஞ்சலைப் பிடுங்கி, பலகையை ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தார் போட்டார்கள். இப்போது அங்கே காடி நிறுத்துகிறார்கள். எதற்காக அவள் அத்தனை பாடுபட்டாளோ அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதோடு முடிந்தால் நான் ஏன் உங்களை இந்த நேரத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசப்போகிறேன்?

லோகேஸ்வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா பின்னாலேயே போனான். இந்த வயதில் ஞாயிறுதோறும் இருட்டில் எங்கே போகிறாள் என்று பார்க்கத்தான். ராத்திரியே நிறுத்திவைத்த காடிகள் வரிசையாக நின்றன. கண்ணாடி எல்லாம் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு காடியின் பக்கக் கண்ணாடியிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு துடைத்திருந்தது. நடக்க முடியாத ஒருவர் கையை ஊன்றி ஊன்றிச் சுற்றி வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

திலகா தார் ஓரத்தில் நின்று மகேஸ்வரன் என்று கூப்பிட்டாள். பதிலில்லை. பிறகு "கந்தன்" என்றாள்.

"வந்துட்டேன்."

குழறிய குரல். லோகேஸ்வரனுக்கு அந்தக் குரல் தெரியாதா? சின்ன வயதில் அவனை லோரியில் ஏற்றிக்கொண்டு சுற்றிய சித்தப்பா. காடிகளுக்கு நடுவே தாரில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. டக்... டக்... ஒரு சுற்று சுற்றி வந்து, அவளுக்கு எதிரில் நின்றது. ரொம்பக் களைத்துப்போன குரல், கெஞ்சுகிற குரல்.

"போலாமா, திலகா?"

போலாம் என்கிற அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்னால் போதும், அவர் போய்விடுவார். அது அவளுக்குத் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு சுத்து," என்றாள்.