மச்சானும் பாட்டரி மீட்டரும்

காலையில் எனக்கு ஒரு தம்ளர் கடுங்காப்பி போதும். அதைப் பேச்சுச் சத்தம் இல்லாமல் குடிக்க விட்டால் நாள் முழுக்க நல்ல மனிதனாக இருப்பேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

மணக்குடியில் கயிறு வியாபாரம் செய்கிறேன். யுத்தம் முடிந்து கொச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய பழைய மோட்டார் படகு ஒன்று உண்டு. காயலில் கயிறு ஏற்றிப்போக அது தாராளம். ரசலையன் என் மனைவி நேசபாயின் அண்ணன். ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழைக்காலம் வந்து போனது. நாட்டின் முதல் தேர்தலும் நடந்து முடிந்தது. அவர் போகவில்லை.

கெட்டவர் அல்ல. எல்லாம் தெரிந்தவர், அவ்வளவுதான். மரச்சீனிக் கிழங்கு வேகவைக்க நேசபாய்க்கும், பிரசங்கத்தை எங்கே முடிப்பது என்று போதகருக்கும், கயிறு திரிக்க எனக்கும் சொல்லித்தந்தார். என் காப்பி நேரத்தில்தான் ஆரம்பிப்பார்.

ஒருநாள் படகில் பாட்டரி மீட்டரின் முள் அடியில் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

“மாப்பிள்ளே, பாட்டரிக்கு ஒரு கேடும் இல்ல. இந்த மீட்டராக்கும் கள்ளம் சொல்லுகது.”

வயர் முனைகளைச் சுரண்டினார். திருகுகளை இறுக்கினார். கண்ணாடியை விரலால் சுண்டினார். முள் அசையவில்லை. சாப்பிடப் போனார்.

நான் படகின் விளக்கைப் போட்டு, ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்த்தேன். விளக்கு பீடிக்கங்கு அளவுக்கு மங்கியது. எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. மீட்டர் சொன்னது நிஜம், செத்துக்கொண்டிருந்தது பாட்டரிதான். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் விருந்தாளியை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. அதனால் கண்ணாடியைக் கழற்றி, நேசபாயின் கொண்டை ஊசியால் முள்ளை உச்சிக்குத் தள்ளி, பலாப்பிசின் ஒரு துளி வைத்து ஒட்டினேன்.

“பாத்தீரா! நான் இறுக்குன இறுக்குல நேராச்சு,” என்றார் திரும்பி வந்ததும்.

“கரையில பாத்தா போராது மச்சான். கடலுக்குள்ள போயி எஞ்சினை நிறுத்தி, பெறகு ஸ்டார்ட் ஆக்கணும். அதாக்கும் சோதனை.”

“அது எனக்குத் தெரியாதா?”

வாடைக்காற்று கடல் பக்கமாக நன்றாகப் பலக்கட்டும் என்று சோதனையைச் சில நாள் தள்ளிப்போட்டேன். காற்று பலத்த அன்று, கடலுக்குள் போகும்வரை பாட்டரியை மிச்சம் பிடிப்போம் என்று சொல்லி, இரும்பு ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை நானே கையால் சுற்றிக் கிளப்பிக் கொடுத்தேன். நான் இறங்கும்போது ஹேண்டில் என் கையிலேயே வந்துவிட்டது. துடுப்புகளுக்கு அன்று காலைதான் பெயிண்ட் அடித்திருந்தேன், சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. நங்கூரக் கயிற்றை ஒரு வியாபாரிக்கு மாதிரி காட்டக் கொடுத்திருந்தேன்.

காயல் கடலில் சேரும் பொழிமுகம் தாண்டும்வரை, தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டே போனார். பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை காப்பி குடித்தேன். யாரும் பேசவில்லை. இன்னொரு தம்ளர் குடித்தேன். நேசபாய் கடலைப் பார்த்து அழுதாள். “அண்ணன் வந்திருவாரு,” என்று தேற்றினேன். எனக்கு இருந்த பயமும் அதுதான்.

அடுத்த நாள் முட்டத்து மீனவர் கிளீட்டஸ் அவரைக் கட்டுமரத்தில் ஏற்றி, படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

“ஓய், ஒம்ம மச்சானை எறக்கிக்கிடும். வழியெல்லாம் எங்களுக்குப் பாய் கெட்டப் படிப்பிச்சாரு. இனி ஒரு மட்டம் இவரு கடலுல கெடந்தா, நாங்க காணல்ல. ஆமா.”

உதடு வெடித்து, முகம் கருகிப்போயிருந்த ரசலையன் என்னைக் கட்டிக்கொண்டார். “மாப்பிள்ளே, மீட்டர் கடைசிவரைக்கும் முழுசா காட்டிச்சு. எஞ்சினுலயாக்கும் கேடு. நாளைக்கே பிரிச்சுப் பாத்திருவோம்.”

அவருக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அண்ணனுக்குக் கஞ்சி வைக்க நெல் குத்தலாம் என்று நேசபாய் நெல்லுப்பெட்டிக்குள் கைவிட்டாள். ஹேண்டில் தட்டுப்பட்டது.

“இது எதுக்கு நெல்லுக்குள்ள கெடக்கு?”

“துரு பிடிக்காம இருக்கட்டும்னு.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

சரிதான் சார். முள்ளை ஒட்டியதும், ஹேண்டிலை ஒளித்ததும், காற்றுக்குக் காத்திருந்ததும் நான்தான். ஆனால் அவர் சாகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. திரும்பி வராமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறுவேறு.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. அவர் சிவப்புத் துண்டை வீசியதைப் பார்த்துத்தான் கிளீட்டஸ் கட்டுமரத்தைத் திருப்பினாராம். புறப்படும்போது தோளில் கிடந்த அந்தத் துண்டை நான் கவனித்திருக்க வேண்டும்.