வேகாத ஆறு கோழிகள்

வாக்குமூலம் தருபவர்: புகைக்கறிக் கடை உரிமையாளர், வயது 53, குடியிருப்பு கடைக்கு மேல்மாடி.

கட்டட மேஸ்திரி தன் ஆட்களுக்கு வைத்த விருந்தில் பத்தொன்பது பேருக்கு வாந்திபேதி வரக் காரணமான கோழிகளை, வேகும் முன்பே அடுப்பிலிருந்து எடுத்தது நான்தான். நீங்கள் காவலில் வைத்திருக்கும் என் தங்கை கணவர் அல்ல. அவர்தான் எடுத்தார் என்று நான்கு நாளைக்கு முன் இதே மேசையில் நான் சொன்னது பொய்.

தள்ளுவண்டியில் ஆரம்பித்துக் கடை வைத்தவன் நான். வாடிக்கைப் பேச்சு என் வேலை, புகையடுப்பு தங்கை கணவரான மாப்பிள்ளையின் வேலை. பதினோரு வருடமாக அப்படித்தான். சம்பவத்தன்று காலை ஐந்து மணிக்கு ஒரு மாட்டுத் தொடையையும் இரண்டு பன்றித் தோளையும் அவர் உள்ளே வைத்தார். மாலை ஐந்தரைக்கு மேஸ்திரியின் வண்டி வருவதாகப் பேச்சு. மதியம் இரண்டு மணிக்கு மேஸ்திரி போன் செய்து, ஆள் கூடிவிட்டது, ஆறு கோழியும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். நான் யாரையும் கேட்காமல் சரி என்றேன்.

அதன் பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மச்சான், கதவைத் திறந்து பச்சைக் கோழியைத் தள்ளினா அடுப்பே குளுந்துடும். ஏழு மணிக்கு முன்னாடி வேகாது. மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க" என்றார். "அடுப்பை நீங்க பாருங்க மாப்பிள்ளை, ஆளை நான் பாத்துக்கறேன்" என்றேன். மேஸ்திரிக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்றரைக்குக் கோழி வந்து, அவர் அடுப்பில் ஏற்றி, ஐந்தேகாலுக்கு விறகு வாங்கப் போனார். போகும்போது, "தொடையும் தோளும் எடுக்கலாம். கோழியைத் தொடாதீங்க" என்றார். அதன் பிறகு வண்டி வந்தது. எங்களிடம் சூடு பார்க்கும் கம்பி ஒன்றுதான். அது மாட்டுத் தொடையில் குத்தியிருந்தது, வெந்துவிட்டதாகக் காட்டியது. கோழித் தோலும் புகையேறி நல்ல நிறமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து ஏற்றினேன். வண்டியோடு வந்த சமையல்காரர் ஒரு கோழிக்காலைத் திருகிப் பார்த்து, "என்னங்க, எலும்புகிட்ட இவ்வளவு சிவப்பா இருக்கு?" என்றார். "புகை போட்ட கறி சிவக்காம வெளுக்குமா? இதுதான் முதல் தடவை பாக்கறீங்களோ?" என்றேன். வண்டிக்காரர் சிரித்தார். சமையல்காரர் கோழியைத் தட்டில் வைத்து மூடினார். புகைச் சிவப்பு தோலுக்கு அடியில்தான் வரும், எலும்போரம் சிவந்திருந்தால் அது பச்சை. அது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு இங்கே விசாரணையில் நான் மாப்பிள்ளையைக் காட்டியபோது, அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி ஒழுங்காக உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நேற்றுக் காலை தங்கை கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். "உக்கார வரல. இத்தனை வருஷம் அவர் வேகவெச்சதை வித்தே. இப்ப அவரையே வித்துட்டே" என்றாள். அதன் பிறகு பேசி முடித்தது இது: இன்று நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் வெளியே வந்ததும் புகையடுப்பை எடுத்துப் போவார். நான் அவர்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது, அவள் பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிட மாட்டார்கள். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் விடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் மிரட்டாமல் நானே சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)