நூல்கடை அங்கிளும் கிணத்துப் பூதமும்

இல்ல தம்பி, நாளைக்கு வந்து பாக்கறேன்னு மட்டும் சொல்லாத. சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்னா முன் சக்கரத்துக்கு நேரா வந்து நின்னுருவேன், ஆமா. இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு இந்த வீட்டுல நெட் இருந்தாகணும். ஆறு மணிக்கு என்னவா? சண்டை இருக்கு. ஐயோ, வீட்டுச் சண்டை இல்லப்பா. அதுக்கு எதுக்கு நெட்டு, அது பாட்டுக்கு நடக்கும். கேம்ல சண்டை. கிணத்துப் பூதத்தோட.

சிரி சிரி. சிரிச்சுக்கிட்டே ஒயரயும் பாரு. அங்க இல்ல, இங்க, தொட்டிக்குப் பின்னால. எங்க வீட்டுக்காரர் எலுமிச்சங்கன்னு நடறேன்னு காலைல மண்வெட்டியத் தூக்கிட்டு வந்தாரு. ஒரே போடு. ஒயர் ரெண்டாப் போச்சு. வேருன்னு நெனச்சாராம். கறுப்பா, வழவழன்னு, உள்ள கண்ணாடி நூலு வச்ச வேரு எந்த ஊர்லப்பா மொளைக்குது? அவரக் கடைக்கு அனுப்பிட்டேன். இங்க இருந்தா உனக்கு உதவி பண்றேன்னு மிச்சத்தையும் வெட்டிருவாரு.

கம்பத்துலேர்ந்து புதுசா இழுக்கணுமா? இழு. ஏணி பின்னால சாத்தி வச்சிருக்கு. மேல் படி கொஞ்சம் ஆடும், பாத்து ஏறு.

யாரு, நானா? நான் தைக்கறேன். முன் ரூம்ல மிஷின் கெடக்குதே, அதான் என் கடை. ஏன், ஜாக்கெட் தைக்கறவ வில்லு எடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? எங்க பார்ட்டியில, அதான் கூட்டத்துல, நான்தான் வில்லு. நான்தான் தலைவியும். நாங்க நாலு பேரு. எங்க வீட்டுக்காரர் திருடன். கேம்ல சொல்றேன். அவரு குணத்துக்கு அந்த வேல கொஞ்சமும் ஒத்து வரல. பூதம் எங்கள மிதிச்சுக்கிட்டிருக்கும், இவரு பின்னால போயி அதோட மடியில என்ன இருக்குன்னு தடவிக்கிட்டிருப்பாரு. மொதல்ல சாகறது எப்பவும் அவருதான். செத்த கையோட எந்திரிச்சு வந்து, டீ போடட்டுமான்னு கேப்பாரு. அடப்பாவி மனுஷா, இங்க உயிர் போயிட்டிருக்குன்னு நான் கத்துவேன்.

மருந்து போடறது என் மக. ஹீலர்னு சொல்றாங்களே, அது. லேப்ல ரத்தம் எடுக்கற வேல அவளுக்கு, அதனால கை படு நிதானம். ஆனா ஒண்ணு தம்பி, அவகிட்ட பெரிய மருந்து ஒரு பை நெறைய இருக்கு, எடுக்கவே மாட்டா. அப்பறம் தேவைப்படும், அப்பறம் தேவைப்படும்பா. பெத்த தகப்பன் கீழ விழுந்து கெடப்பாரு, அவருக்குச் சின்ன மருந்துல பாதி. எனக்கு அது கூட இல்ல, நீ தூரத்துல தானம்மா நிக்கற, சமாளிச்சுக்கோன்னு எழுதுவா. அந்தப் பெரிய மருந்து வெளிய வர்றது ஒரே ஒருத்தருக்குத்தான். கேடயம் பிடிக்கறவருக்கு.

அவரு நூல்கடைக்காரர். எனக்கு நூலு, பட்டன், கொக்கி எல்லாம் குடுக்கறவரு. அறுபது தாண்டியிருக்கும். என் மக அங்கிள், அங்கிள்னு உருகுவா. முட்டி வலி தேவலையா அங்கிள், மருந்து தரேன் பின்னால வாங்க அங்கிள். அவரும் இவள டீச்சரம்மான்னுதான் எழுதுவாரு. ஏம்மா என்ன டீச்சர்ங்கறாருன்னு ஒருநாள் கேட்டா. நீ திட்டிக்கிட்டே மருந்து குடுக்கற இல்ல, அதான்னு சொல்லி வச்சேன்.

எழுதித்தான் பேசுவோம், ஆமா. எங்க பார்ட்டியில மைக் கூடாது. ஆரம்பத்துலேர்ந்து என் சட்டம் அது. எங்க வீட்டுக்காரர் விளையாடும்போது வறுத்த கடலை மெல்லுவாரு தம்பி. அத மைக்ல கேட்டா கல்லு ஒடைக்கற எடத்துல குந்தியிருக்க மாதிரி இருக்கும். அதனால மைக் வேண்டாம்னேன், யாரும் ஏன்னு கேக்கல.

அதுதான் போன தடவை வெனையாப் போச்சு. நல்லாத்தான் ஆரம்பிச்சோம். பூதத்துக்குப் பாதி உயிர் போச்சு. ஒடனே அது என்ன பண்ணிச்சு தெரியுமா? கிணத்துக்குள்ளேர்ந்து ஒரு ஊது. வெளக்கெல்லாம் போச்சு. திரை பூரா கும்மிருட்டு. எழுதற பொட்டியும் காணாமப் போச்சு. அந்த நேரத்துல கேடயக்காரருக்கு மட்டும்தான் பூதத்தோட கண்ணு தெரியுமாம். அவரு வாயால சொல்லணும். இடது, வலது, மேல, குனிங்கன்னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கணும். அவரு சொல்றத நம்பி மத்தவங்க அடிக்கணும். எங்களுக்கு மைக் ஏது? இருட்டுல நான் விட்ட அம்பு எங்க வீட்டுக்காரர் முதுகுல போய்க் குத்திச்சு. வேணும்னு இல்லப்பா. சரி, கொஞ்சம் வேணும்னுதான்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். அடுத்த தடவை மைக்கோட போறது. அதுக்கப்பறம் பாத்தியா, கல்யாண வேல மாதிரி ஆயிடுச்சு. சூடு தாங்கற தைலம் ஆளுக்கு ஒரு கூடை சேத்தோம். எங்க வீட்டுக்காரர் சந்து சந்தாத் திருடி ரொட்டி கொண்டாந்தாரு, அதுலதான் மனுஷன் கெட்டி. அங்கிளுக்குக் கவசம் பத்தாம இருந்துச்சு, அக்குள்ள பிடிக்குது, கை தூக்க வராதுன்னு நான் பாத்த ஒடனே சொன்னேன். கேம்ல அக்குள் எல்லாம் பிடிக்காதும்மான்னு மக சிரிச்சா. பிடிச்சா பிடிச்சதுதான், எனக்குத் தெரியாதா? வேற வாங்க வச்சேன். நாலு பேருக்கும் ஹெட்செட் எடுத்தேன். அங்கிள் வீட்டுக்கு நானே போயி கையில குடுத்துட்டு வந்தேன். நான் பேசணுமான்னு மெரண்டு போயிக் கேட்டாரு. இடது வலது சொன்னாப் போதும், சொற்பொழிவு ஒண்ணும் வேண்டாம்னேன்.

என்ன? ஆந்தை விளக்கா?

அட, நீயும் விளையாடறியா! மேல ஏறி நின்னுக்கிட்டு அமைதியா கேட்டியே, பாரு. ஆமா தம்பி, ஆந்தை விளக்கு இருந்தா இருட்டே வராது, மைக்கும் வேண்டாம். தெரியும். சந்தையில வாங்கிட்டேன். என் பையிலதான் இருக்கு. எடுக்கப் போறதில்ல. ஏன்னு அப்பறம் சொல்றேன், நீ அந்தக் கொக்கிய மொதல்ல மாட்டு. யார்கிட்டயும் விளக்குன்னு வாயத் தொறந்துராத. என் மக அஞ்சரைக்கு வந்துருவா.

இங்கதான் இருக்கா, ஆமா. கல்யாணம் ஆயிடுச்சு. ஆயி, இப்ப திரும்பி வந்து மாடி ரூம்ல இருக்கா.

சண்டையா? சண்ட போட்டிருந்தாதான் பரவாயில்லயே. மருமகன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல பையன், யார் கேட்டாலும் அதத்தான் சொல்வேன். இந்த வீட்டுக் குழாயிலேர்ந்து என் மிஷின் பெல்ட்டு வரைக்கும் கேக்காமலே சரி பண்ணிட்டுப் போவான். ஆனா வாய் மட்டும், பூட்டு போட்டுச் சாவிய லிஃப்ட் குழியில போட்டுட்டான். இவ ஒரு வாயாடி. வேல விட்டு வந்ததும், எந்த தாத்தா ஊசியப் பாத்து மயக்கம் போட்டாரு, யாரு வரிசையில சண்ட போட்டாங்கன்னு ஒண்ணு விடாம ஒப்பிப்பா. அவன் ம். இவ இன்னும் சொல்வா. அவன் ம். ஒருநாள், நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா இல்லியான்னு கேட்டிருக்கா. அதுக்கும் ம். பெட்டியோட வந்து நின்னா. சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்மான்னு அழுதா. எனக்கு அவ மேலயும் கோவம், அவன் மேலயும் கோவம், யாரத் திட்டறதுன்னே தெரியல.

வந்தவ ரூமச் சாத்திக்கிட்டு விளையாட ஆரம்பிச்சா. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டா. தட்டக் கொண்டுபோயி பக்கத்துல உக்காந்து, இது யாருடி, இவன் எதுக்கு இவ்வளவு பெரிய கத்தி வச்சிருக்கான்னு கேக்கப் போயித்தான் நானும் இதுல விழுந்தேன். அவகூட உக்காரணும்னா இதுதான் வழின்னு ஆச்சு. அப்பறம் அவங்கப்பாவ இழுத்தேன். அப்பறம்தான் கேடயத்துக்கு ஆள் தேடினேன்.

டெஸ்ட் பண்றியா? பச்சை எரியலையா? செவப்பு கண்ணடிக்குதா. பரவாயில்ல, இன்னொரு தடவை பாரு. நேரம் இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு.

இன்னொரு நாள் வச்சுக்க முடியாது தம்பி. பூதமா? பூதம் எங்க போகப் போவுது, அது கிணத்துலயேதான் கெடக்கும். அங்கிள்தான் போறாரு. நாளைக்கு வேற ஊரு, மாத்தல். அங்க போயிட்டா ராவும் பகலுமா ஷிஃப்ட்டு, விளையாட எங்க நேரம்?

நூல்கடைக்காரருக்கு எதுக்கு மாத்தலா?

நீ ரொம்ப நல்லாக் கேக்கற தம்பி. உன்ன மாதிரி ஒருத்தன் எங்க வீட்டுல இருந்திருந்தா என் குட்டு எப்பவோ ஒடஞ்சிருக்கும்.

சொல்றேன். போன வாரம் ஒருநாள் கேம்ல மலை மேல காத்திருந்தோம், பனி வெலகினாத்தான் வழி தெரியும். சும்மா நிக்கறோம். இவ எழுதறா, அங்கிள், வீட்டுல யாரு இருக்காங்கன்னு. மெதுவா ஒவ்வொரு எழுத்தா வருது. இப்ப யாரும் இல்ல டீச்சரம்மா, இருந்தப்ப நான் பேசல, எப்படிப் பேசறதுன்னு தெரியல, தினமும் அவ சொன்ன கதையெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, அத அவகிட்டயே சொல்லலன்னு எழுதினாரு. ஒரு கத கூட எழுதினாரு, ஊசியப் பாத்து ஓடின யாரோ ஒரு போலீஸ்காரர் கத. மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். நல்ல வேள, இவ அதப் பாதி படிக்கறதுக்குள்ள கண்ணத் தொடச்சுக்கிட்டு கீழ வந்துட்டா. சமையல்கட்டுல நின்னு சொல்றா, பாவம்மா அந்த அங்கிள், அவரு பொண்டாட்டி செத்துட்டாங்க போலருக்குன்னு.

செத்துப்போனதாச் சொல்ற பொண்டாட்டி நல்லா உயிரோட முன்னாடி நிக்கறா. பொரியற சட்டியப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்.

ஆமாம்ப்பா ஆமா. நூல்கடையாவது கயிறுகடையாவது. என் மருமகன்தான் அது. முப்பத்தி ரெண்டு வயசு. முட்டியெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. டீச்சரம்மா விசாரிக்கறாங்களேன்னு, தேவலை டீச்சரம்மான்னு பணிவா பதில் போடறான். இல்ல, அவனுக்கும் தெரியாது. மருந்து போடறது வேலயிலேர்ந்து ஓஞ்ச டீச்சர், நம்ம கடை வாடிக்கை, எல்லாரையும் அங்கிள்னுதான் கூப்பிடுவாங்கன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கேடயம் பிடிக்க ஆளில்லடான்னு போன் பண்ணினேன், ம்னான். அன்னிக்கு ராத்திரியே கேமுக்குள்ள வந்துட்டான். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி.

பச்சை வந்துருச்சா! நல்லாருப்ப தம்பி. இரு, இரு, தண்ணியாவது குடிச்சுட்டுப் போ.

கொரலக் கேட்டதும் அவ எந்திரிச்சுப் போயிட்டா என்ன பண்றதா? அத நெனச்சு நான் தூங்கல. பாத்துக்கலாம். நடு இருட்டுல, பூதம் முன்னால நிக்கையில, கேடயத்த விட்டுட்டு அவ எங்க போவா? வந்து என்ன நல்லாத் திட்டுவா, அது நிச்சயம். திட்டட்டும். அதுக்கு நான் தயார்.

அவன் வாயத் தொறக்கலன்னாவா?

தொறக்கலன்னா நாலு பேரும் சாக வேண்டியதுதான்.

தொறப்பான் தம்பி. அதுக்குத்தான அந்த ஆந்தை விளக்க எடுக்காம வச்சிருக்கேன். யாரோ டீச்சரம்மாதான கேக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கத்துவான். வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது பாரு, அவதான். ஒயர் அறுந்ததச் சொல்லு, சரியாயிடுச்சுன்னு சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாம கெளம்பு.